தாழ்ப்பாள்

கால்பந்து ஆட்டத்துக்குப் போகிறவர்கள் கோல் பார்க்கத்தான் போகிறார்கள். கோல் விழுந்தால் மைதானமே எழுந்து நிற்கிறது. முன்பின் தெரியாத மனிதரைக் கட்டிக்கொள்கிறோம். மேல்துண்டை ஆகாயத்தில் வீசுகிறோம். ஆனால் விழ இருந்த கோல் ஒன்று விழாமல் போனால்? எதிரியின் காலிலிருந்து பந்தைப் பிடுங்கி, அதைக் கோட்டுக்கு வெளியே உதைத்துத் தள்ளிய பின்வரிசைக்காரரை யார் தோளில் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போகிறார்கள்? வீட்டில் திருடு போனால் தெருவே கூடித் துக்கம் விசாரிக்கிறது. திருடு போகாத ஆயிரம் இரவுகளுக்காகத் தாழ்ப்பாளுக்கு நன்றி சொன்னவர்கள் யாரும் இல்லை.

தாழ்ப்பாள் என்ற சொல்லை நான் உவமைக்காக இழுத்து வரவில்லை. இத்தாலியர்கள் தங்கள் கால்பந்து முறை ஒன்றுக்கு வைத்த பெயரே அதுதான். 'கதெனாச்சியோ' என்றால் அவர்கள் பாஷையில் கதவுத் தாழ்ப்பாள். பிற்காலத்தில் உலகம் முழுவதும் அந்தப் பெயர் ஒரு வசைச்சொல்லாகவே ஆகிவிட்டது. கோழைகளின் ஆட்டம், ரசிகர்களைத் தூங்க வைக்கும் ஆட்டம் என்றெல்லாம் அதை ஏசாத பத்திரிகைக்காரர் இல்லை. ஏசட்டும். ஆனால் ஒரு வீட்டார் ஏன் தாழ்ப்பாள் போட்டார்கள் என்று தெரிந்துகொள்ளாமல் அவர்களைக் கோழைகள் என்று சொல்வது நியாயமா? அதைத் தெரிந்துகொள்ள நாம் 1947-ஆம் வருஷத்துக்கு, ஆட்ரியாட்டிக் கடலின் தலைமாட்டில் இருக்கும் ஒரு துறைமுகப் பட்டினத்துக்குப் போக வேண்டும். அங்கே கடைசி இடத்துக்குப் போய்விட்ட ஒரு கால்பந்துக் குழு புதிய பயிற்சியாளர் ஒருவரை நியமித்தது.

பட்டினத்தின் பெயர் திரியெஸ்தே. கதை படிக்கிறவர்களுக்கு இந்த ஊர் முற்றிலும் அந்நியமானது அல்ல. ஜேம்ஸ் ஜாய்ஸ் தம் வாலிப வயதில் பல வருஷங்கள் இங்கேதான் குடியிருந்தார். வியாபாரிகளுக்கும் குமாஸ்தாக்களுக்கும் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்து வயிற்றைக் கழுவிக்கொண்டே தம்முடைய நாவலை எழுதினார். அவர் காலத்தில் திரியெஸ்தே இத்தாலியைச் சேர்ந்தது அல்ல. ஆஸ்திரிய சாம்ராஜ்யத்தின் பெரிய துறைமுகம் அது. 1719-ல் ஆறாம் சார்லஸ் சக்கரவர்த்தி அதைச் சுங்கமில்லாத் துறைமுகமாக அறிவித்த நாள் முதல் ஜெர்மானியர், இத்தாலியர், ஸ்லோவேனியர், கிரேக்கர், யூதர் என்று பல ஜாதி ஜனங்கள் வந்து குடியேறிய ஊர். முதல் உலக யுத்தத்தில் ஆஸ்திரியா நொறுங்கியது. திரியெஸ்தே இத்தாலியின் கைக்கு வந்தது. இரண்டாவது யுத்தத்தில் ஜெர்மன் படை வந்தது. 1945 மே மாதம் யுகோஸ்லாவியப் படை உள்ளே நுழைந்து நாற்பது நாள் இருந்தது. அது போன பிறகு ஆங்கிலேயரும் அமெரிக்கரும் வந்து ராணுவ நிர்வாகம் நடத்தினார்கள். ஒருவர் ஒரே வீட்டில், ஒரே திண்ணையில் உட்கார்ந்தபடியே முப்பது வருஷத்துக்குள் இத்தனை கொடிகளைப் பார்த்திருக்க முடியும்!

1946 மார்ச்சில் சர்ச்சில் துரை அமெரிக்காவில் செய்த பிரசங்கம் ஒன்றில் 'இரும்புத் திரை' என்ற வார்த்தையை உலகத்தின் காதில் போட்டார். அந்தத் திரையின் வடக்குக் கோடிக்கு ஸ்டெட்டின் என்றும், தெற்குக் கோடிக்குத் திரியெஸ்தே என்றும் பெயர் சொன்னார். அதாவது, உலகம் இரண்டாகக் கிழிந்த இடத்தில், கிழிசலின் ஓரத்து நூலாக இந்த ஊர் தொங்கிக்கொண்டிருந்தது.

இப்படிப்பட்ட ஊரில் கால்பந்து மட்டும் ஒன்றாக இருக்குமா? யுத்தம் முடிந்ததும் அங்கே ஒரு விசித்திரம் நடந்தது. ஊரில் இரண்டு குழுக்கள். ஒன்று திரியெஸ்தினா, அது இத்தாலியின் முதல் வகுப்புப் பந்தயத்தில் ஆடியது. மற்றொன்று பொன்சியானா; அது 1946 முதல் 1949 வரை யுகோஸ்லாவியாவின் முதல் வகுப்புப் பந்தயத்தில் ஆடியது. ஒரே ஊர்ப் பிள்ளைகள், ஒரே கடற்காற்றை உண்டு வளர்ந்தவர்கள், இரண்டு தேசங்களின் பந்தயங்களில் ஆடினார்கள். எந்தக் குழுவுக்குக் கை தட்டுகிறான் என்பதை வைத்தே ஒருவன் எந்தத் தேசத்தை விரும்புகிறான் என்று பக்கத்து வீட்டார் கணக்குப் போட்டிருப்பார்கள். கால்பந்து அங்கே பொழுதுபோக்காக மட்டும் இருக்க முடியவில்லை.

1946–47 பந்தயத்தில் திரியெஸ்தினாவின் பாடு பரிதாபம். சொந்த ஊரில் ஆட வழியில்லாமல், சுமார் 70 கிலோமீட்டர் தள்ளியிருந்த உதினே நகரத்துக்குப் போய், அதையே சொந்த மைதானமாகப் பாவித்து ஆட வேண்டியிருந்தது. சொந்த வீட்டில் கல்யாணம் நடத்த இடமில்லாமல் அடுத்த ஊர்ச் சத்திரத்தில் நடத்துகிறவனின் மனநிலை எப்படி இருக்கும்? முடிவு எதிர்பார்த்ததுதான். இருபது குழுக்களில் இருபதாவது இடம். விதிப்படி இரண்டாம் வகுப்புக்கு இறங்க வேண்டியது. ஆனால் இத்தாலியக் கால்பந்துச் சம்மேளனம் இறக்கவில்லை. அந்தக் குழுவின் விசேஷ நிலைமையை உத்தேசித்தும், திரியெஸ்தே இத்தாலியோடு ஒட்டியிருக்க வேண்டும் என்ற தேசாபிமானத்தாலும் அதை முதல் வகுப்பிலேயே வைத்துக்கொண்டது. அதனால் அடுத்த வருஷம் பந்தயத்தில் 21 குழுக்கள்!

பரீட்சையில் தேறாத பையனைத் தகப்பனார் படும் கஷ்டத்தை நினைத்து மேல் வகுப்புக்கு அனுப்பினால், அந்தப் பையன் வகுப்பில் எந்த முகத்தோடு உட்காருவான்? திரியெஸ்தினாவின் நிலை அதுதான். தயவில் கிடைத்த இடம். வாங்கிக்கொண்டவன் மறக்க நினைத்தாலும் கொடுத்தவர்கள் மறக்க விடுவதில்லை.

இந்தச் சமயத்தில்தான் நெரேயோ ரொக்கோ அழைக்கப்பட்டார்.

ரொக்கோவுக்கு அப்போது வயது 35. 1912 மே மாதம், ஆஸ்திரியக் கொடியின் கீழே, அதே திரியெஸ்தேயில் பிறந்தவர். குடும்பத் தொழில் இறைச்சிக் கடை. குடும்பத்தின் பெயர்கூட முதலில் ரொக்கோ அல்ல. 'ராக்' என்ற ஆஸ்திரியப் பெயர். முசோலினியின் ஆட்சியில் அந்நியப் பெயர்களையெல்லாம் இத்தாலியப் பெயர்களாக்க வேண்டும் என்ற கெடுபிடி வந்தபோது வாலில் ஓர் உயிரெழுத்து ஒட்டிக்கொண்டு ரொக்கோ ஆயிற்று. ஊரின் கொடி மாறியது போலவே அவர் பெயரும் மாறியது. மாறாதது அவர் பேச்சு. கடைசி வரையில் திரியெஸ்தேயின் கொச்சையில்தான் பேசினார். 'எல் பரோன்' என்று அந்தக் கொச்சையிலேயே அவரை அழைத்தார்கள். 'எஜமான்' என்று அர்த்தம். நம் ஊரில் பட்டறை முதலாளியையோ படகுக்காரரையோ 'முதலாளி' என்று கூப்பிடுகிறோமே, அந்தத் தோரணை. பருத்த தேகம், குட்டைக் கழுத்து, சாப்பாட்டிலும் மதுவிலும் தாராளம். அவரைப் பார்த்தவர்களுக்குப் போர்த் தந்திரி என்று தோன்றியிராது.

ஒரு வேடிக்கை என்னவென்றால், ரொக்கோ தாம் ஆடிய காலத்தில் பின்வரிசைக்காரர் அல்ல. முன்வரிசையில் இடது பக்கமாக நின்று கோல் போட்டவர். 1934-ல் இத்தாலிய தேசியக் குழுவுக்கும் ஒரே ஒரு முறை ஆடியிருக்கிறார். கன்னம் வைக்கத் தெரிந்தவனுக்குத்தானே சுவரின் பலவீனம் தெரியும்? காவல்காரனாக அவர் கெட்டிக்காரராக இருந்ததற்கு அது ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அவர் என்ன செய்தார் என்று சொல்வதற்கு முன், அன்றைய ஆட்டத்தின் அமைப்பை இரண்டு வார்த்தைகளில் சொல்லிவிட வேண்டும். கால்பந்து தெரியாத வாசகிகள் பயப்பட வேண்டாம். சமையலறைக் கணக்கைவிட இது சுலபம். 1925-ல் 'ஆஃப்சைடு' விதியைத் தளர்த்தினார்கள். முன்வரிசைக்காரனுக்கும் கோல் கோட்டுக்கும் நடுவில் எதிரிகள் மூன்று பேர் இருக்க வேண்டும் என்றிருந்தது, இரண்டு பேர் போதும் என்று ஆயிற்று. உடனே கோல்கள் மழையாகப் பொழிந்தன. அந்த மழைக்கு லண்டன் ஆர்சனல் குழுவின் ஹெர்பர்ட் சாப்மன் ஒரு குடை பிடித்தார். பின்வரிசையில் இரண்டு பேருக்குப் பதில் மூன்று பேரை நிறுத்தினார். எதிரியின் முன்வரிசையில் நடுவில் ஒருவர், ஓரங்களில் இருவர். அவர்களுக்கு எதிரே இந்த மூன்று பேர். ஆளுக்கு ஆள் சரியாயிற்று. பெரும்பாலான தேசங்கள் இந்த முறையைத்தான் பின்பற்றின.

கணக்கு சரிதான். ஆனால் அதில் ஓர் ஓட்டை இருந்தது. மூன்று பேரில் ஒருவன் தவறினால்? எதிரி அவனைவிட வேகமாக ஓடினால்? அவனுக்குப் பின்னால் கோல்கீப்பரைத் தவிர யாரும் இல்லை. நல்ல ஆட்டக்காரர்களை விலை கொடுத்து வாங்கக்கூடிய பணக்காரக் குழுவுக்கு இது கவலை இல்லை. அவர்கள் ஆள் தவற மாட்டான். ஏழைக் குழுவின் ஆள் தவறத்தான் செய்வான். ஆளுக்கு ஆள் என்பது கேட்பதற்குச் சமதர்மம் போல் இருந்தாலும், பலசாலிக்கும் நோஞ்சானுக்கும் இடையே சமமான யுத்தம் என்று விதி செய்தால் அது யாருக்கு லாபம்?

இந்த ஓட்டையை அடைக்க முதலில் வழி கண்டவர் கார்ல் ராப்பான் என்ற வியன்னாக்காரர். ஸ்விட்ஸர்லாந்தில் ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் இருந்தவர். தொழில் முறை ஆட்டக்காரர்களோடு மோத வேண்டிய, அந்த அளவு தேகப் பயிற்சி இல்லாத ஆட்டக்காரர்களுக்காக அவர் ஓர் ஏற்பாடு செய்தார். பின்வரிசைக்கும் பின்னால் ஓர் ஆளை நிறுத்தினார். அந்த ஆளுக்கு எதிரி என்று யாரும் கிடையாது. எந்தப் பக்கம் உடைப்பு எடுக்கிறதோ அந்தப் பக்கம் ஓடி அடைப்பதே வேலை. ஸ்விஸ்காரர்கள் இதற்கு வைத்த பிரெஞ்சுப் பெயருக்கும் தாழ்ப்பாள் என்றுதான் அர்த்தம். 1938 உலகக் கோப்பையில் இந்தத் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டுதான் சின்னஞ்சிறு ஸ்விட்ஸர்லாந்து ஹிட்லரின் ஜெர்மனியை எதிர்த்தது. அந்த வருஷம் மார்ச்சில் ஆஸ்திரியாவை விழுங்கியிருந்த ஜெர்மனி, ஆஸ்திரியாவின் சிறந்த ஆட்டக்காரர்களையும் தன் குழுவில் சேர்த்துக்கொண்டு வந்தது. முதல் ஆட்டம் 1–1. ஐந்து நாள் கழித்துப் பாரிஸில் மறு ஆட்டம். ஜெர்மனி முதலில் இரண்டு கோல் போட்டது. கடைசியில் 4–2 என்று ஜெயித்தது ஸ்விட்ஸர்லாந்து!

இத்தாலிக்கு இந்தத் தாழ்ப்பாள் வந்த விதத்தைப் பற்றி ஒரு கர்ண பரம்பரைக் கதை உண்டு. சலேர்னோ நகரத்துக் குழுவின் பயிற்சியாளர் ஜிப்போ வியானி ஒரு நாள் விடியற்காலையில் கடற்கரையில் உலாவிக்கொண்டிருந்தாராம். மீனவர்கள் வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். முதல் வலையிலிருந்து நழுவிய மீன்கள் அதற்குப் பின்னால் விரித்திருந்த இரண்டாவது வலையில் விழுவதைக் கண்டாராம். உடனே ஞானோதயம்! பின்வரிசைக்குப் பின்னால் இரண்டாவது வலையாக ஓர் ஆள். கதை எழுதுகிறவன் என்ற முறையில் இந்தக் கதையை நான் அப்படியே நம்பத் தயாராக இல்லை. இவ்வளவு பொருத்தமான மீன்கள் கதைகளில்தான் அகப்படும். ஆனால் வியானி அந்த முறையைக் கையாண்டது நிஜம். 1947–48-ல் அவருடைய குழு முதல் வகுப்பிலிருந்து இறங்கிவிட்டது என்பதும் நிஜம். இரண்டாவது வலை இருந்தால் மட்டும் போதாது. அதைப் பிடிக்கும் கை வேண்டும்.

அதே 1947–48-ல் திரியெஸ்தேயில் அந்தக் கை இருந்தது.

ரொக்கோ நடுவரிசையிலிருந்து ஓர் ஆளைக் குறைத்து, பின்வரிசைக்குப் பின்னால் நிறுத்தினார். பிற்காலத்தில் ஜியான்னி பிரேரா என்ற பத்திரிகையாளர் அந்த ஆளுக்கு 'லிபெரோ' என்று பெயர் சூட்டினார். 'சுதந்திரமானவன்' என்று பொருள். எவனையும் பின்தொடரும் கடமை இல்லாதவன் என்ற அர்த்தத்தில் வைத்த பெயர். ஆனால் மற்றவர்கள் செய்யும் தப்புகளுக்கெல்லாம் ஈடு கட்ட வேண்டியவனும் அவன்தான். கூட்டுக் குடும்பத்தில் கல்யாணம் செய்துகொள்ளாத சித்தப்பா ஒருவர் இருப்பாரே, தமக்கென்று பிள்ளை குட்டி இல்லாவிட்டாலும் யார் வீட்டுப் பிள்ளைக்கு ஜுரம் வந்தாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடுவாரே, அப்படிப்பட்ட சுதந்திரம்!

இதற்கு விலையும் உண்டு. பின்னால் ஓர் ஆளைக் கூட்டினால் முன்னால் ஓர் ஆள் குறைகிறது. கோல் போடும் சந்தர்ப்பங்கள் சுருங்குகின்றன. ஆனால் ரொக்கோவின் கணக்கு வேறு. அந்த நாளில் ஜெயித்தால் இரண்டு புள்ளி. சமமாக முடிந்தால் ஒரு புள்ளி. கடைசி இடத்துக்காரன் பெரிய குழுக்களோடு மல்லுக்கு நின்று பத்தில் எட்டு ஆட்டம் தோற்பதைவிட, ஒரு புள்ளி ஒரு புள்ளியாகச் சேர்த்தால் என்ன? சம்பளக்காரக் குடும்பத்தின் தலைவி அரிசிப் பானையிலிருந்து தினம் ஒரு பிடி எடுத்து வைப்பாளே, அந்த மாதிரி. யாரும் அதைக் காவியமாகப் பாடுவதில்லை. ஆனால் மாசக் கடைசியில் அடுப்பு எரிவது அந்தப் பிடி அரிசியால்தான்.

அந்த 1947 செப்டம்பரில் திரியெஸ்தேயின் தலைவிதியும் காகிதத்தில் எழுதி முடிந்தது. பாரிஸ் சமாதான உடன்படிக்கை அமலுக்கு வந்தது. 'திரியெஸ்தே சுதந்திரப் பிரதேசம்' என்று புதிதாக ஒரு தேசம் பிறந்தது. ஏ பகுதி ஆங்கிலோ-அமெரிக்க நிர்வாகம். பி பகுதி யுகோஸ்லாவிய நிர்வாகம். ஐக்கிய நாடுகள் சபை ஒரு கவர்னரை நியமிக்க வேண்டும் என்று ஏற்பாடு. வல்லரசுகளுக்குள் ஒத்துப்போகாததால் அந்தக் கவர்னர் கடைசி வரையில் வரவே இல்லை. சட்டப்படி பார்த்தால் அப்போது திரியெஸ்தே இத்தாலியில் இல்லை. திரியெஸ்தேயின் குழு மட்டும் இத்தாலியப் பந்தயத்தில் இருந்தது.

பந்தயம் நடந்தது. 21 குழுக்கள், ஆளுக்கு 40 ஆட்டங்கள். முதல் இடம் யாருக்கு என்பதில் சந்தேகமே இருக்கவில்லை. டூரின் நகரத்து டொரினோ குழு அந்தக் காலத்தில் ஐரோப்பாவின் அதிசயம். அந்த ஒரு வருஷத்தில் 125 கோல் போட்டு 65 புள்ளி எடுத்தது. ஆனால் அதற்கு அடுத்த இடம்? மிலான் 49 புள்ளி. யுவெண்டஸ் 49 புள்ளி. இரண்டும் செல்வமும் கீர்த்தியும் உள்ள குழுக்கள். இவற்றோடு சரிசமமாக 49 புள்ளியில் மூன்றாவதாக ஒரு பெயர் நின்றது: திரியெஸ்தினா. முந்தின வருஷம் கடைசி இடத்தில் வந்து, தயவில் மேலே வைத்துக்கொள்ளப்பட்ட அதே குழு!

அந்த வெற்றியின் அளவைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். கோப்பை கிடைக்கவில்லை. டொரினோ 16 புள்ளி முன்னால் இருந்தது. ஆனால் தேறாத பையன் அடுத்த பரீட்சையில் வகுப்பில் இரண்டாவதாக வந்துவிட்டான். இனி அவன் அந்த பெஞ்சில் உட்காருவது யாருடைய தயவும் அல்ல. ஊர் யாருக்குச் சொந்தம் என்பதை வல்லரசுகள் தீர்மானித்துக்கொண்டிருந்த வருஷத்தில், அந்த ஊர்க்காரர்கள் தாங்களாகவே தீர்மானிக்கக்கூடிய காரியம் ஒன்று ஞாயிற்றுக்கிழமை தோறும் 90 நிமிஷம் இருந்தது. அந்த 90 நிமிஷத்தில் அவர்கள் கோட்டைத் தாண்டி யாரும் சுலபமாக உள்ளே வர முடியவில்லை. கால்பந்தையும் ராஜ்ய விவகாரத்தையும் போட்டுக் குழப்புவது நல்லதல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அந்த மைதானத்தின் படிக்கட்டுகளில் உட்கார்ந்திருந்தவர்கள் இரண்டையும் பிரித்துப் பார்த்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

ரொக்கோவைப் பற்றி வழங்கும் சம்பவம் ஒன்று உண்டு. பெரிய குழு ஒன்றோடு மோதப் போகும் சமயம். யாரோ மரியாதைக்காக, "சிறந்த குழு ஜெயிக்கட்டும்" என்றார்களாம். ரொக்கோ தம் கொச்சையில், "அப்படி ஆகாமல் இருக்கட்டும் என்று நம்புவோம்" என்றாராம். கேட்டவர்கள் சிரித்தார்கள், இன்றைக்கும் சிரிக்கிறார்கள். ஆனால் அந்தச் சிரிப்புக்கு அடியில் ஒரு சத்தியம் இருக்கிறது. 'சிறந்தவன் ஜெயிக்கட்டும்' என்பது சிறந்தவன் சொல்லும் வார்த்தை. அவனுக்கு அதில் நஷ்டம் இல்லை. எளியவனுக்குத் தன் எளிமை தெரியும். அதைத் தெரிந்துகொண்டு, அதற்காக வெட்கப்படாமல், அதை வைத்துக்கொண்டே என்ன செய்யலாம் என்று யோசிப்பது கோழைத்தனம் அல்ல.

ரொக்கோ 1950-ல் திரியெஸ்தினாவை விட்டுப் போனார். 1953-ல் திரும்பி வந்து, அந்தப் பந்தயம் முடிவதற்குள்ளேயே மறுபடி வெளியேறினார். அவர் அடுத்து ஏற்றுக்கொண்டதும் சிறிய குழுதான்: படோவா. இரண்டாம் வகுப்பில் தத்தளித்துக்கொண்டிருந்த அதை 1955-ல் முதல் வகுப்புக்கு ஏற்றினார். மற்றவர்கள் 'இவனால் இனி ஆகாது' என்று ஒதுக்கிய ஆட்டக்காரர்களைத் தேடிப் பிடித்துச் சேர்த்துக்கொள்வதில் அவருக்கு ஒரு தனி ருசி. திரியெஸ்தினாவில் தாழ்ப்பாளாக இருந்த இவானோ பிளாஸோன் அங்கும் வந்து சேர்ந்தார். யுவெண்டஸ் இரவலாகக் கொடுத்த குர்ட் ஹாம்ரின் என்ற ஸ்வீடன்காரர் ஒரே வருஷத்தில் 20 கோல் போட்டார். 1957–58-ல் படோவாவுக்கு மூன்றாவது இடம்.

இது வரைக்கும் கதை எளியவனின் கதை. இனிமேல்தான் சிக்கல். 1961-ல் மிலான் குழு ரொக்கோவை அழைத்தது. மிலான் ஏழை வீடு அல்ல. பணம் இருந்தது, பதினெட்டு வயது கூட நிரம்பாத மேதை ஜியான்னி ரிவேரா இருந்தான், பிரேஸில்காரர் அல்தாஃபினி இருந்தார். இவ்வளவு இருக்கிற வீட்டிலும் அந்தப் பழைய தாழ்ப்பாள்தானா?

பதில் கணக்கில் இருக்கிறது. 1961–62-ல் மிலான் இத்தாலியப் பட்டத்தை ஜெயித்தது. 34 ஆட்டத்தில் போட்ட கோல்கள் 83! தற்காப்புக்காரர் என்று பெயர் வாங்கியவரின் குழு போட்ட கோல்கள் இவை. திருவள்ளுவர் அரண் என்று ஓர் அதிகாரம் செய்திருக்கிறார். பயந்து ஒதுங்குகிறவர்களுக்கு மட்டும் அல்ல, படையெடுத்துப் போகிறவர்களுக்கும் அரண் வேண்டும் என்பது அவர் கருத்து. ரொக்கோ குறள் படித்தவர் அல்ல. ஆனால் பின்கதவு சாத்தியிருக்கிறது என்ற தைரியம் இருந்தால்தான் வீட்டுப் பிள்ளைகள் முன்வாசலில் இஷ்டம்போல் விளையாடுவார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ரிவேராவின் விளையாட்டு அந்தத் தைரியத்தில் மலர்ந்தது.

1963 மே 22-ஆம் தேதி, லண்டன் வெம்பிளி மைதானத்தில், போர்ச்சுகலின் பென்ஃபிக்கா குழுவை 2–1 என்று ஜெயித்து மிலான் ஐரோப்பியக் கோப்பையை எடுத்தது. இத்தாலியக் குழு ஒன்று அந்தக் கோப்பையைத் தொட்டது அதுவே முதல் தடவை. யூசேபியோ முதலில் ஒரு கோல் போட, அல்தாஃபினி இரண்டு போட்டார். கோப்பையை வாங்கிய தலைவர் சேஸரே மல்தீனி, திரியெஸ்தேயில் பிறந்து திரியெஸ்தினாவில் ஆடத் தொடங்கியவர்.

எல்லாம் புகழ்ச்சியாகவே சொல்லிவிட்டால் சரித்திரம் ஆகாது. அந்த வெம்பிளி ஆட்டத்தின் இரண்டாவது பாதியில் பென்ஃபிக்காவின் மூளையாக இருந்த கொலுனாவை மிலான் ஆட்டக்காரர் ஒருவர் இடறினார். கொலுனாவின் காலில் பலத்த அடி. மாற்று ஆள் இறக்கும் வழக்கம் அப்போது இல்லை, நொண்டிக்கொண்டே ஆடினார். தாழ்ப்பாளுக்கு அந்த முகமும் உண்டு. தவிர, தாழ்ப்பாள் வெளியே இருப்பவனை மட்டும் தடுப்பதில்லை. 1961-ல் மிலானுக்கு வந்த ஜிம்மி கிரீவ்ஸ் என்ற ஆங்கிலேய இளைஞர் கோல் போடுவதில் சூரர். ரொக்கோவின் கட்டுப்பாடு அவருக்கு மூச்சு முட்டியது. அதே டிசம்பரில் லண்டனுக்கே திரும்பிவிட்டார். உள்ளே இருந்த ஒருவருக்கு வீடு சிறைச்சாலையாகப் பட்டது.

அதைவிடப் பெரிய மாறுதல் அதே நகரத்தின் மற்றொரு குழுவில் நடந்தது. ஹெலேனியோ ஹெரேராவின் பயிற்சியில் இண்டர் குழு தாழ்ப்பாளை ஒரு யந்திரமாக்கியது. 1964-லும் 1965-லும் ஐரோப்பியக் கோப்பையை எடுத்தது. அந்த வெற்றிகள் சாதாரணமானவை அல்ல. அவற்றைக் குறைத்துப் பேச வேண்டியதில்லை. ஆனால் முதலில் ஒரு கோல் போட்டுவிட்டு, கோட்டைக் கதவைச் சாத்திக்கொண்டு, நேரம் போகட்டும் என்று உட்கார்ந்திருக்கும் சீமானை ஜனங்களுக்குப் பிடிக்கவில்லை. 1967 மே 25-ல் லிஸ்பனில் அப்படித்தான் நடந்தது. ஏழாவது நிமிஷத்தில் பெனால்டி உதையில் இண்டர் ஒரு கோல் போட்டது; பிறகு பின்வாங்கியது. கிளாஸ்கோ நகரத்திலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் பிறந்த பிள்ளைகளையே கொண்ட செல்டிக் குழு அலையலையாக வந்து மோதி, 2–1 என்று கதவைப் பெயர்த்தெறிந்தது. ஐரோப்பா கை கொட்டியது.

இங்கேதான் சற்று நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. திரியெஸ்தினா போட்டதும் இண்டர் போட்டதும் ஒரே தாழ்ப்பாள்தான். பின்வரிசை அதே, சுதந்திர ஆள் அதே. ஆனால் ஒன்றைப் பார்க்கையில் நமக்கு மனம் இளகுகிறது; மற்றதைப் பார்க்கையில் எரிச்சல் வருகிறது. தெருக்கோடியில் தனியாக இருக்கும் விதவை இரவில் இரண்டு தாழ்ப்பாள் போட்டால் யாரும் குறை சொல்வதில்லை. மாடி வீட்டு மிராசுதார் பட்டப்பகலில் கேட்டைப் பூட்டிக்கொண்டால், 'உள்ளே என்ன ஒளித்து வைத்திருக்கிறான்?' என்று கேட்கிறோம். குற்றம் தாழ்ப்பாளில் இல்லை. அது யார் கையில், எதற்காக என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பத்திரிகைக்காரர்கள் மிராசுதாரை ஏசியபோது, விதவையின் தலையிலும் சேர்த்து அந்த வசை விழுந்துவிட்டது.

ரொக்கோவுக்கு அந்த வித்தியாசம் தெரிந்திருந்தது என்று நினைக்க இடம் இருக்கிறது. 1963-ல் மிலானை விட்டு டொரினோவுக்குப் போனார். 1949-ல் விமான விபத்தில் அந்த மகத்தான குழு முழுவதும் மாண்ட பிறகு பழைய பெருமையின் நிழலில் வாழ்ந்துகொண்டிருந்த குழு அது. 1967-ல் மிலானுக்குத் திரும்பி, மறு வருஷமே பட்டத்தை மீட்டார். 1969-ல் மாட்ரிட் நகரத்தில் நடந்த ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டத்தில், இளம் க்ரைஃப் ஆடிய அஜாக்ஸ் குழுவை அவருடைய மிலான் 4–1 என்று தோற்கடித்தது. பியெரினோ பிராத்தி மட்டும் மூன்று கோல். முன்வரிசையில், படோவாவில் இரவல் ஆளாக இருந்த ஹாம்ரினும் ஆடினார். நாலு கோல் போட்டு ஜெயித்தவரைக் கோழை என்று சொல்ல அன்றைக்கு யாருக்கும் வாய் வந்திராது.

திரியெஸ்தே என்ன ஆயிற்று? 1954 அக்டோபரில் லண்டனில் கையெழுத்தான ஒப்பந்தப்படி நகரம் இத்தாலிக்குத் திரும்பியது. பி பகுதி யுகோஸ்லாவியாவோடு போயிற்று. திரியெஸ்தினா 1959-ல் முதல் வகுப்பிலிருந்து இறங்கியது. 1947–48 போன்ற ஒரு வருஷம் அதற்குத் திரும்ப வரவில்லை. ரொக்கோ 1979 பிப்ரவரியில், பிறந்த ஊரிலேயே காலமானார். அவர் பிறந்தபோது அந்த ஊரில் பறந்த கொடி வேறு. இறந்தபோது பறந்த கொடி வேறு. 1992-ல் அங்கே ஒரு புதிய மைதானம் திறந்தார்கள். அதற்கு ரொக்கோவின் பெயரை வைத்திருக்கிறார்கள்.

கால்பந்துச் சரித்திரத்தில் பெயர் வாங்கிய மைதானங்கள் பெரும்பாலும் கோல் போட்டவர்களின் ஞாபகத்தைத்தான் எழுப்புகின்றன. இந்த ஒரு மைதானத்திலாவது, விழாத கோல்களை நினைத்துக்கொண்டு உட்கார ஓர் இடம் இருக்கிறது.